முட்டைக்கோஸ் பாத்தியும் மோட்டார் ஷெட்டும்

எங்கள் வீட்டின் பின்புறம் பெரிய இடமில்லை. துணி காயப்போடும் கொடி, ஒரு குழாய், குழாயைத் தாண்டி மதிலை ஒட்டி ஒரு பாத்தி. எல்லாம் சேர்ந்தால் ஓர் அறை அளவு வரும். அந்த இடம் யாருக்கு என்பதில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் சண்டை என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். ஆரம்பத்தில் இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. சண்டை என்றால் இரண்டில் ஒன்றாவது நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அண்ணன் தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றி 'காயில்' கட்டுகிறவன். பட்டறை வாடகை இடத்தில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார் இடத்துக்காரர். வேறு இடம் தேடி அலுத்துப்போய், வீட்டின் பின்புறத்தில் சிமெண்டுத் தரை போட்டு ஷெட் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான். அண்ணிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மதிய ஷிப்ட். நீராவியிலும் பிளீச்சிங் வாடையிலும் நின்றபடியே செய்யும் வேலை. பாத்தி அவள் போட்டது. "மண்ணுல நிக்கும்போதுதான் எனக்குக் கால்னு ரெண்டு இருக்கறதே தெரியுது" என்பாள்.

இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

"போன வருஷம் அந்தப் பாத்தியில என்ன வந்துச்சு? நாலு மிளகா. அதுல ஒண்ணு சொத்தை," என்றான் அண்ணன், சாப்பாட்டு மேசையில்.

"மீதி மூணு நல்லாத்தான இருந்துச்சு?" என்றாள் அண்ணி.

"மூணு மிளகாய்க்கு ஒரு பட்டறைய விட்டுக் குடுக்கச் சொல்றியா?"

"சரி, இப்படி வெச்சுக்கலாம். மழை முடியறதுக்குள்ள பாத்தியில வர்றத மட்டும் வெச்சு ஒரு வேளை சமைக்கறேன். நாலு பேரும் சாப்ட்டு, நாலு பேரும் போதும்னு சொல்லணும். சொல்லிட்டா பாத்தி இருக்கும், நீங்க வேற இடம் பாருங்க. ஒருத்தர் சொல்லலன்னாலும் நானே செடியப் புடுங்கித் தர்றேன்."

அண்ணன் யோசித்தான். எந்தப் பேரத்தையும் அவன் உடனே ஒப்புக்கொள்வதில்லை. "தீர்ப்பு யாரு சொல்றது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். பகலில் மருந்துக்கடை, மாலையில் லேப் டெக்னீஷியன் வகுப்பு என்று போய்க்கொண்டிருந்தவள் நான். எதையும் பார்த்ததும் எழுதி வைக்கிறேன் என்பதைத் தவிர நீதிபதியாக எனக்கு வேறு தகுதி இல்லை.

"எனக்குக் கொடிக்கயித்த அவுக்காம இருந்தாப் போதும்டா. யாரு ஜெயிச்சாலும் ஈரத்துணிய என் தலையில போடக்கூடாது," என்றாள் அம்மா.

அண்ணி முட்டைக்கோஸ் நாற்றும் பீன்ஸ் விதையும் முள்ளங்கியும் போட்டாள். நாற்று வேர் பிடித்தது, பீன்ஸ் தலை தூக்கியது. முதல் மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்த காலையில் போய்ப் பார்த்தால் பீன்ஸ் வரிசையில் பாதிக்குத் தலையே இல்லை. தண்டு மட்டும் ஈர்க்குச்சி மாதிரி நின்றது. முட்டைக்கோஸ் இலைகளில் நரம்பை விட்டுவிட்டு நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தின்றிருந்தது. மண்ணிலும் மதிலிலும் காய்ந்த பசை தடவியது போல வெள்ளிக்கோடுகள்.

"நத்தை," என்றேன். பிறகு, "நத்தையா இருக்கலாம்," என்றேன்.

"கலாம் என்ன கலாம்? இதோ உக்காந்திருக்காரு பாரு," என்று அண்ணி ஓர் இலையைத் திருப்பினாள். ஓடுள்ளது ஒன்று. அதற்குக் கீழே ஓடில்லாதவை, சாம்பல் நிறத்தில், விரல் நுனி அளவில், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு. ஓடில்லாதவைதான் அதிகம் தின்கின்றன என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

வகுப்பில் எங்கள் ஆசிரியை, பார்த்ததை ஒரு பக்கத்திலும் நினைத்ததை எதிர்ப்பக்கத்திலும் எழுதச் சொல்வார். இரண்டும் கலந்தால் இரத்தப் பரிசோதனை முடிவு ஜாதகம் ஆகிவிடும் என்பது அவருடைய வேடிக்கை. அந்த முறையையே பாத்திக்கும் வைத்துக்கொண்டேன். ஒரு முறைக்குச் சில நாள். பலன் தெரிந்த பிறகே அடுத்தது.

முட்டை ஓட்டை நொறுக்கி நாற்றைச் சுற்றிப் போட்டோம். கூர்மையான ஓட்டின் மேல் நத்தை ஏறாது என்று மருந்துக்கடைக்கு வரும் ஓர் அம்மாள் சொன்னார். நான் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நத்தை வந்தது, நின்றது, கொம்பை நீட்டியது, அவசரமே இல்லாமல் ஏறிப் போய்விட்டது. சாம்பல் தூவியதில் நல்ல பலன் தெரிந்தது. அடுத்த தூறலில் சாம்பலும் பலனும் சேர்ந்து கரைந்தன. சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் கலந்து, வெட்டிய பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, விளிம்பு சற்று மேலே இருக்கும்படி மண்ணில் புதைத்தேன். புளித்த வாடைக்கு வந்து விழுந்தன. ஆனால் விழுந்தவற்றைவிட எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவை அதிகம் என்று, டப்பாவைச் சுற்றியிருந்த கோடுகளைப் பார்த்தபோது தோன்றியது. அதை எதிர்ப்பக்கத்தில் எழுதினேன்.

உருப்படியாக வேலை செய்தது பழைய பலகைதான். ஈரப் பலகையைச் செடிகளுக்கு நடுவே படுக்க வைத்தால், விடியும்போது வெயிலுக்குப் பயந்து அதன் அடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. காலையில் பலகையைத் திருப்பி, சோப்புத் தண்ணீர் வாளியில் வழித்துவிட வேண்டியதுதான். இதை நானும் அண்ணியும் தினமும் செய்தோம். அவள் இடுக்கியால் எடுப்பாள். நான் கையுறை போட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் எடுப்பேன்.

"லேப்ல போய் என்னென்னத்தையோ தொடப்போற. இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வெச்சுக்கற," என்பாள்.

"அங்க குழாய்க்குள்ள மூடி வெச்சுக் குடுப்பாங்க அண்ணி."

அம்மா ஒருநாள் எங்களைக் கேட்காமல் உப்பை எடுத்துப்போய்ப் பாத்தியின் ஓரத்தில் கொட்டிவிட்டு வந்தாள். "ஒரு பிடி உப்புல முடியற விஷயத்துக்கு ரெண்டு பொம்பளைங்க குத்துக்காலு போட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள். நத்தைகள் செத்தன. அந்த ஓரத்து முள்ளங்கியும் மஞ்சளாகிச் செத்தது. அதற்குப் பிறகு உப்பு ஜாடி மேல் தட்டுக்குப் போய்விட்டது.

மருந்துக் குருணை வாங்கிப் போடலாம் என்று அண்ணன் சொன்னான். பக்கத்து வீட்டுப் பூனை இங்கேதான் வந்து படுக்கிறது, அது தின்று தொலைத்தால் யார் பதில் சொல்வது என்று அண்ணி மறுத்தாள். தன் எதிரிக்கு அண்ணன் யோசனை சொன்னது எனக்கு வினோதமாகப் பட்டது. அதையும் எழுதினேன், எந்தப் பக்கத்தில் என்று தெரியாமல்.

இவ்வளவு செய்தும் நத்தை குறையவில்லை. நாங்கள் எடுக்க எடுக்க மறுநாள் அதே அளவு இருந்தது. இங்கே எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. பாத்தியின் மேல் மாடிச் சுவரின் நீட்டல் வருகிறது. அதனால் பாதிப் பாத்திக்கு மழை படாது. அண்ணி காலையில் எழுந்ததும் தண்ணீர் ஊற்றுவாள். வெயில் ஏறினால் மாலைக்குள் மேல்மண் காய்ந்துவிட வேண்டும். ஆனால் மறுநாள் விடிந்ததும், அவள் குழாயைத் திறப்பதற்கு முன்பே, மண் சொதசொதவென்று இருந்தது. மழை இல்லாத நாளிலும்.

குழாய் கசிகிறது என்று நினைத்தேன். வாஷர் மாற்றினேன். ஈரம் மாறவில்லை. காற்றில் சாரல் அடித்திருக்கலாம் என்று நினைத்தேன். வானம் வெறிச்சென்று இருந்தது. நான்தான் மண்ணைத் தொட்டுப் பார்க்கத் தெரியாமல் பார்க்கிறேனோ என்றுகூட நினைத்தேன்.

அண்ணிக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு, குனிந்தபடியே கேட்டாள்: "உங்கண்ணன் ஏதாவது பண்றாரா?"

"என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள இருட்டிடுது. நீயும் கிளாஸ்ல இருக்க. அத்தை டிவி முன்னாடி உக்காந்தா இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாங்க. இந்த வீட்டுல அந்த நேரத்துக்குப் பின்னாடி போகக்கூடிய ஆளு ஒருத்தர்தான்." இடுக்கியை வாளியில் தட்டினாள். "பட்டறை வேணும்னா நேராக் கேட்டிருக்கலாம். நான் குடுத்திருப்பேன். பேச்சுக்கு ஒத்துக்கிட்டு அப்புறம் இப்படிப் பண்ணா, அந்த ஆளோட நான் எப்படி ஒரே வீட்டுல இருக்கறது?"

அவள் சாதாரணக் குரலில்தான் சொன்னாள். ஷெட்டா பாத்தியா என்பதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று நடுவில் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அதைக் கவனிக்கும் வேலையை யாரும் எனக்குத் தரவில்லை.

அந்த வாரத்திலேயே ஆசிரியைக்கு உடம்பு சரியில்லை என்று வகுப்பு நடக்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் அம்மாவின் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. அண்ணன் கிரீஸ் படிந்த சட்டையோடு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாத்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். குழாயிலிருந்து வாளி, வாளியிலிருந்து குவளை, ஒவ்வொரு செடிக்கும் வேரைச் சுற்றி. சிந்தாமல் ஊற்றினான். மோட்டாருக்குள் வார்னிஷ் விடும்போது அவன் கை அப்படித்தான் இருக்கும்.

நான் நின்றதைப் பார்த்துவிட்டான். குவளையை மறைக்க இடம் தேடி, கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"கிளாஸ் இல்லையா?"

"இல்ல. நீ என்ன பண்ற?"

"பாத்தா தெரியல?"

"தினமும் ஊத்துறியா?"

"பின்ன? அவ மதியம் போனா இருட்டினப்புறம்தான் வர்றா. வந்த அலுப்புல செடிய யாரு பாக்கறா? மண்ணு பாளம் பாளமா கெடந்துச்சு. தண்ணியில்லாம செத்துப்போய் நான் ஜெயிச்சேன்னு வெச்சுக்க, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. நத்தை தின்னு தோத்தா அது அவ பாடு. காஞ்சு தோத்தா என் தலையில வந்து விடியும்."

"அண்ணி காலையில ஊத்தறாங்களே."

"எப்ப?"

"நீ தூங்கும்போது."

அவன் பாத்தியைப் பார்த்தான். நானும் பார்த்தேன். ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்காமல் செடிகளின் அடியில் பளபளவென்று நின்றது. நத்தை மேய்வது இருட்டில். காலையில் ஊற்றிய தண்ணீர் இருட்டுவதற்குள் காய்ந்துவிடும். மாலையில் ஊற்றினால் அவை வெளியே வரும் நேரத்துக்குத் தரை சறுக்கிச் செல்லத் தோதாக ஈரமாக இருக்கும். விருந்துக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் பாயும் விரித்துக் கொடுத்திருக்கிறோம். இதை அவனிடம் விளக்கினேன். விளக்கும்போதே, நான் சொல்வது சரிதானா, இன்னும் சில நாள் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாமோ என்று இருந்தது.

"இத அவகிட்ட சொல்லாத," என்றான்.

"சொல்லாம எப்படி? அவங்க நீ வேணும்னே ஏதோ பண்றன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

அவன் முகம் சட்டென்று மாறியது. "அப்படியா சொன்னா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் குவளையை வாளிக்குள் போட்டான்.

அன்று இரவு அண்ணி ஷிப்ட் முடிந்து வந்து, கைகழுவிச் சாப்பிட உட்கார்ந்தாள். பிறகு அண்ணனே சொன்னான். நன்றாகச் சொல்லவில்லை. "உன் செடிக்கு நான் தெனமும் தண்ணி ஊத்தினேன், அதான் நத்தை" என்று ஆரம்பித்தான்.

"அதான பாத்தேன்!" என்று அண்ணி எழுந்துவிட்டாள்.

"முழுசாக் கேளு—"

"என்னத்தக் கேக்கறது? நத்தைக்குத் தண்ணி காட்டுனீங்களா?"

"நத்தைக்கு யாருடி காட்டுனா? செடிக்குக் காட்டுனேன்! ஊத்தலன்னா குத்தம் சொல்லுவியேன்னு ஊத்துனேன்!"

"நான் எப்ப சொன்னேன்?"

"சொல்லியிருப்ப!"

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ரெண்டு பேரும் ஊத்தியிருக்கீங்க. நானும் பத்துப் பாத்திரம் கழுவின தண்ணிய அங்கதான கொட்டறேன்," என்றாள்.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

"என்ன? செடிக்கு நல்லதுன்னு சொல்லுவாங்களே?"

அண்ணி உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. அண்ணன் சிரிக்கவில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் அப்படிப் பண்ணுவேன்னு நெனச்சியா?" என்று கேட்டான். அவள், "நெனச்சேன்," என்றாள். சற்றுக் கழித்து, "இப்ப நெனக்கல," என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் என் எதிரில் பேசவில்லை.

மாலைத் தண்ணீர் நின்றது. அம்மாவின் பாத்திரத் தண்ணீர் சாக்கடைக்குப் போனது. பலகைக்கு அடியில் நத்தைகள் குறையத் தொடங்கின. ஒருநாள் குறைந்தால் தற்செயலாக இருக்கலாம்; தொடர்ந்து குறைந்தன. முட்டைக்கோஸில் மிஞ்சியவை உள்ளிலையை மூடிக்கொண்டு உருண்டன. திரும்ப விதைத்த பீன்ஸ் கொடி விட்டது. ஆனால் முதலில் போன நாட்கள் போனவைதான். மழை ஓய்ந்தது, பட்டறை இடத்துக்காரர் சாவி கேட்டு ஆள் அனுப்பினார், காய்கள் இன்னும் பாதிப் பருவத்தில் இருந்தன.

அண்ணி தவணை கேட்கவில்லை. ஷிப்ட் இல்லாத ஒரு மதியம் எல்லாவற்றையும் பறித்தாள். முட்டைக்கோஸ் கைப்பிடி அளவு. பீன்ஸ் பிஞ்சு. உப்பு படாத ஓரத்து முள்ளங்கி. வேறு எதையும் சேர்க்காமல் சமைத்து, நான்கு தட்டில் சமமாகப் பங்கு வைத்தாள். ருசியாக இருந்தது. சீக்கிரம் தீர்ந்தது.

"போதும்பா," என்றாள் அம்மா முதலில். அவள் எப்போதுமே கொஞ்சம்தான் சாப்பிடுவாள்.

"போதும்," என்றாள் அண்ணி.

அண்ணன் தட்டைப் பார்த்தான். துடைத்து வைத்தது போல இருந்தது. இரண்டாம் முறை போட்டுக்கொள்ளாமல் அவன் எழுந்து நான் பார்த்ததில்லை. "போதும்," என்றான். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குப் பசித்தது. அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. வேறு எதைப் பற்றியும் நான் இவ்வளவு உறுதியாக இருந்ததில்லை என்பது அப்போது தோன்றியது. ஒரு வார்த்தை சொன்னால் பாத்தி இருக்கும், அண்ணிக்கு நிற்க மண் இருக்கும். அண்ணனும் அதைத்தான் சொல்லச் சொல்கிறான். அவன் ஏற்கெனவே தன் பொய்யைச் சொல்லிவிட்டான். நானும் சொன்னால் இரண்டாகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"போதல," என்றேன்.

"ஏய்," என்றான் அண்ணன். "நீதிபதின்னு சொன்னா அப்படியே நாற்காலியில ஏறி உக்காந்துடுவியா? ஆட்டமே செல்லாது. என் தண்ணியாலதான நத்தை வந்துச்சு. அடுத்த மழைக்கு மறுபடியும் போடட்டும்."

"அதுவரைக்கும் மோட்டாரையெல்லாம் எங்க வெப்பீங்க? கட்டில்லயா?" என்றாள் அண்ணி.

"வெப்பேன்."

"வேண்டாம். உங்களுக்கும் போதல. எனக்கும் போதல. அத்தைக்கு மட்டும்தான் போதும்." தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "ஆனா ஒண்ணு. கூரைக்குத் தகரம் போடாதீங்க. தளமா போடுங்க. மேல நான் செடித் தொட்டி வெச்சுக்கறேன்."

"தளம்னா கம்பி கட்டணும், பலகை அடிக்கணும். வேலை இழுக்கும்."

"இழுக்கட்டும்."

அண்ணன் என்னைப் பார்த்தான், இதற்கும் தீர்ப்பு உண்டா என்பது போல. நான் தண்ணீர் குடித்தேன். "சரி, தளம்," என்றான்.

மறுநாள் காலை, சொன்னபடி அண்ணியே செடிகளைப் பிடுங்கினாள். நான் கூடை பிடித்தேன். என் மேல் கோபமா என்று கேட்க வாய் வரவில்லை. சுற்றி வளைத்து, "தொட்டியில மண்ணு சூடேறும் அண்ணி, நிழல் வேணும்," என்றேன்.

"நீ போதும்னு சொல்லியிருந்தா எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்திருக்கும்," என்றாள் அவள். "அப்புறம் நீ ராத்திரி அடுக்களையில எதையாவது உருட்டியிருப்ப. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நான் படுத்திருக்கணும்."

கடைசி முட்டைக்கோஸின் தண்டை வேரோடு இழுத்தபோது மண் பெயர்ந்து வந்தது. குழிக்குள் வெள்ளையாக, ஜவ்வரிசி வேகவைத்துக் கொட்டியது போல ஒரு குவியல். நத்தை முட்டைகள். இன்னும் பொரியவில்லை. நாங்கள் பலகையைத் திருப்பிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவை அடியில் இருந்திருக்கின்றன.

அண்ணி கரண்டியால் மண்ணோடு அள்ளினாள். "இந்த மண்ணத்தான மேல கொண்டு போகப்போறோம்?"

"ஆமா."

"அப்ப சலிச்சுட்டுத்தான் கொண்டுபோகணும்," என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் பழைய சல்லடை இருக்கிறதா என்று கேட்க உள்ளே போனாள்.